ஐந்தாவது விடை

மன்னார்புரம், திருச்சி
4 ஆகஸ்ட் 2025

திருமதி மலர்க்கொடி அவர்களுக்கு,

நேற்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனைத் துண்டித்தது கை தவறி அல்ல. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் கை தவறாது. குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் இனி எல்லாம் எழுத்தில்தான். இதை நானே கணினியில் தட்டினேன். அது எனக்கு வாசித்துக் காட்டியது. நானே அச்செடுத்து நானே உறையில் போட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மே 18, ஞாயிற்றுக்கிழமை, பி.ஏ. வரலாறு கடைசி வருடத்தின் நான்காம் தாள். எட்டுக் கேள்விகளில் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். ஒன்றுக்குப் பதினைந்து மதிப்பெண். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியது நான்கு விடைகள். காவிரிப் பாசனம் பற்றிய ஐந்தாவதுக்கு, "தெரியாதும்மா, விட்டுடு, பேப்பரைக் கட்டிக் குடுத்துடு" என்றேன். நீங்களும் "சரிங்க சார்" என்றீர்கள். நான்கு பதினைந்து அறுபது. எவ்வளவு தாராளமான மனிதர் திருத்தினாலும் அறுபதுக்கு மேல் போட வழியில்லை. எனக்கு வந்திருப்பதோ அறுபத்தைந்து.

கணினிதான் தப்பாக வாசிக்கிறது என்று முதலில் நினைத்தேன். மூன்று முறை வாசிக்க வைத்தேன். மூன்று முறையும் அது அறுபத்தைந்து என்றுதான் சொன்னது.

இந்த ஒரு தாளால்தான் மொத்தத்தில் எனக்கு முதல் வகுப்பு வந்திருக்கிறது, அதுவும் நான்கே மதிப்பெண் வித்தியாசத்தில். ஆகஸ்ட் 31 அன்று எங்கள் ஓய்வுபெற்ற டெலிபோன் ஊழியர் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அறுபத்தாறு வயதில், பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் முதல் வகுப்பில் தேறினார் என்று அதில் போட்டிருக்கிறார்களாம். அந்தச் சால்வையை நான் வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கூட வேலை பார்த்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு வாக்கிங் போகிறார்கள். நான் பரீட்சை எழுதுகிறேன். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. இந்தி, நுகர்வோர் பாதுகாப்பு, நூலக அறிவியல் என்று இந்த ஆறு வருடத்தில் ஒன்பது சான்றிதழ்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்பதுக்கும் படித்துக் காட்டியது நீங்கள், பரீட்சை அறையில் எழுதியது உங்கள் கை. நேற்று எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எது என்னுடையது, எது என்னுடையது இல்லை என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரே கேள்வி. ஐந்தாவது விடையை எழுதியது யார்? எழுத்துமூலம் பதில் தேவை.

இப்படிக்கு,
சோ. மாத்ருபூதம்


ஸ்ரீரங்கம்
9 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு வருடமாக "வாம்மா", "காபி குடிச்சியா", "நேத்து விட்ட எடத்துலேர்ந்து படி" என்று பேசிய வாய், இப்போது திருமதி, அவர்களுக்கு, நீங்கள் என்கிறது. அதைப் படித்ததும் பாதி உயிர் போய்விட்டது. அச்சடித்த உறையைப் பார்த்துவிட்டு, "என்ன இது, கோர்ட் நோட்டீஸா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆஸ்பத்திரி வேலை விஷயம் என்று பொய் சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் மினிபஸ் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் முழு நாளும் வீட்டில் இருப்பார். அந்த ஒரு நாளும் நான் எதற்கென்று சரியாகச் சொல்லாமல் மன்னார்புரத்துக்கு பஸ் ஏறிவிடுகிறேன் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு குறை உண்டு.

சார், நான் தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிறவள். படிப்பு பத்தாவது. பத்தாவதோடு நிறுத்தியவள் என்பதால்தானே என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பரீட்சையில் எழுதித் தருகிறவர், பரீட்சை எழுதுகிறவரைவிட ஒரு படியாவது குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் பிளஸ் டூ, நான் பத்தாவது. ஒவ்வொரு பரீட்சைக்கும் என் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டுத்தானே என்னை உள்ளே விட்டார்கள்? அப்படிப்பட்ட எனக்கு பி.ஏ. கேள்விக்கு விடை எழுதத் தெரியுமா?

பல்கலைக்கழகத்தில் எத்தனை ஆயிரம் பேப்பர் திருத்துகிறார்கள். கூட்டலில் தப்பு வராதா? ஒரு நாளைக்கு எழுபது டோக்கன் போடும் நானே சில சமயம் இரண்டு பேருக்கு ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குகிறேன். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் கேடு என்று தெரிந்தும் யாராவது அப்படி ஒரு காரியத்தைச் செய்வார்களா? ஆறு வருடம் பழகிய பிறகும் என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

என் கையெழுத்தை உங்கள் போன் படிக்காது. எனவே இதை உங்கள் பக்கத்து வீட்டு சகாயம்மாள் அக்காதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். அக்கா, டாக்டர் கையெழுத்தையே படித்த நர்ஸ் நீங்கள். இருக்கிறதை இருக்கிறபடி படியுங்கள்.

இப்படிக்கு,
வீ. மலர்க்கொடி


மன்னார்புரம்
14 ஆகஸ்ட் 2025

திருமதி மலர்க்கொடி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை சகாயம்மாள் படித்தார். மறுநாள் காலை, என்னை பேங்க்குக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரர் மூக்கனைக் கூப்பிட்டு அதையே மறுபடியும் படிக்கச் சொன்னேன். என்னை என்ன மனிதன் என்று நினைத்தாலும் சரி. அடுத்தவர் கண்ணை நம்பிப் பிழைக்கிறவன் இரண்டு கண்ணையாவது ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஒத்துப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் பொய் சொன்னதாக நீங்கள் எழுதிய வரியை சகாயம்மாள் படிக்கவே இல்லை. கேட்டதற்கு, "குடும்ப விஷயம் சார், அது உங்களுக்கு எதுக்குங்க" என்றார். எது எனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று எத்தனை பேர் இப்படி முடிவு செய்திருப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஒரு உறைக்காகக் கூசாமல் பொய் சொல்ல உங்களால் முடிகிறது என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய இருக்கின்றன. செய்வார்களா, தெரியுமா, வராதா, மனசு வந்ததா. "நான் எழுதவில்லை" என்ற இரண்டே சொற்கள் மட்டும் எங்கும் இல்லை. மூக்கனை இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லித் தேடினேன். இல்லவே இல்லை. நான் வேலையில் இருந்தபோது சில அதிகாரிகள் வீட்டுக்கு லைன் போட்டால், அங்கே வேலை செய்கிற அம்மா "ஐயா இல்லை" என்று சொல்ல மாட்டார். "இந்த நேரத்துல அவரு வீட்லயா இருப்பாரு?" என்பார். ஐயா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நாற்காலி கிரீச்சிடுவது எனக்குக் கேட்கும்.

விடைத்தாளின் நகல் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் வரும் என்றார்கள். வந்ததும் அதையும் இரண்டு பேரை வைத்துப் படிக்கச் சொல்வேன். அதற்குள் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லலாம்.

சோ. மாத்ருபூதம்


ஸ்ரீரங்கம்
20 ஆகஸ்ட் 2025

சார்,

நான்தான் எழுதினேன்.

நகல் வரப்போகிறது என்று பயந்துதான் சொல்கிறேன். அதையும் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக எழுதவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறாவது பாடமான காவிரிப் பாசனத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே நீங்கள் நாற்காலியில் தூங்கிவிட்டீர்கள். குறட்டை வந்தது. நான் நிறுத்தவில்லை. சத்தம் போட்டே முடிவு வரைக்கும் படித்தேன். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர், யார் திறப்பது, தகராறு வந்தால் யார் பேசித் தீர்ப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. மண்ணச்சநல்லூர் பக்கத்தில் எங்கள் அப்பாவும் பக்கத்து வயல்காரரும் அடித்துக்கொண்ட சண்டை ஒரு பாடம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நீங்கள் விழித்து "முடிச்சிட்டியாம்மா?" என்றீர்கள். முடித்துவிட்டேன் என்றேன். அந்தப் பாடத்துக்கு நாம் திரும்பப் போகவே இல்லை.

பரீட்சையில் நீங்கள் விடச் சொன்னபோது நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. பேப்பரைக் கட்டும் நூல் கையில் இருந்தது. எனக்கு விடை தெரியும். அப்படி ஒரு கேள்வியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உங்களுக்கு மார்க் வாங்கித் தரலாம் என்று நான் நினைக்கவில்லை சார், சத்தியமாக அந்த நேரத்தில் உங்களைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. நான் எழுதினால் எத்தனை வரும் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். பத்தாவதுக்குப் பிறகு என் எழுத்தை யாரும் திருத்தி மார்க் போட்டதில்லை. நான் செய்தது தப்பு.

இப்போது நான் கேட்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் கரண்ட் இல்லை. ஃபேன் ஓடவில்லை. கண்காணிப்பாளர் வாசலில் காற்றுக்காக நின்றிருந்தார். பேனா ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது. நீங்கள் "என்னம்மா எழுதுற?" என்று கேட்டீர்கள். "தலைப்புக்கெல்லாம் கோடு போடுறேங்க சார்" என்றேன். "நல்லா போடு" என்றீர்கள். அரை மணி நேரம் யாராவது கோடு போடுவார்களா? நாற்காலி கிரீச்சிடுவதைக் கேட்டு ஆள் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கிறவருக்கு, ஒரு முழம் தள்ளி நான்கு பக்கம் எழுதுகிற பேனா கேட்கவில்லையா? எனக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியை உங்களுக்கு நீங்களே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 2020இல் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ சேர விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னேன். நீங்கள் போன் போட்டு விசாரித்துவிட்டு, "தேதி முடிஞ்சு போச்சும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றீர்கள். அடுத்த வருஷம் நூலக அறிவியல் வந்துவிட்டது, அதற்கடுத்த வருஷம் பி.ஏ. உங்கள் கடிதம் வந்தபிறகு எனக்கும் சந்தேகப்படத் தோன்றியது. பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு அம்மா அந்தப் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறவர். அவரிடம் சொல்லிப் பழைய பதிவைப் பார்க்கச் சொன்னேன். நான் உங்களிடம் கேட்ட அன்று இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்திருக்கிறது.

நான் பிளஸ் டூ தேறிவிட்டால் உங்களுக்குச் சமமாகிவிடுவேன். அப்புறம் என்னை அறைக்குள் விட மாட்டார்கள். அதனால்தானா சார்? எனக்கும் எழுத்துமூலம் பதில் வேண்டும்.

மலர்க்கொடி


மன்னார்புரம்
27 ஆகஸ்ட் 2025

மலர்க்கொடி,

நகல் வந்துவிட்டது. சகாயம்மாள் முதல் பக்கத்தில் உள்ள கட்டங்களைப் படித்தார். என் நான்கு விடைகளுக்கும் பதின்மூன்று, பதின்மூன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. ஐந்தாவதுக்குப் பதினான்கு.

அந்த நான்கு பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். சகாயம்மாள் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, நீ இரண்டு இடத்தில் வருடத்தை மாற்றி எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தேன். அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். பேனா கேட்டது. முதல் இரண்டு நிமிடம் கோடு போடுகிறாய் என்றுதான் நினைத்தேன். கோடு போடுகிற பேனா நீளமாக இழுத்துக்கொண்டு போகும், எழுதுகிற பேனா விட்டு விட்டு ஓடும். எனக்கு வித்தியாசம் தெரியும். நீ எழுதுகிறாய் என்று தெரிந்துகொண்டுதான் "நல்லா போடு" என்றேன். முதல் வகுப்புக்கு எத்தனை தேவை என்று எனக்கு மனப்பாடம். பிறகு வீட்டுக்கு வந்து, கேட்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ரிசல்ட் வரும் வரை அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

பிளஸ் டூ விஷயம். தேதி இருக்கிறது என்றுதான் போனில் சொன்னார்கள். உன்னிடம் முடிந்துவிட்டது என்றேன். காரணம் நீ எழுதியிருப்பதுதான். வேறு ஒரு கையைத் தேடி, அது ஒழுங்காக எழுதுகிறதா என்று மறுபடியும் சந்தேகப்பட்டுக் கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. நீ நன்றாக எழுதுவாய், கேள்வி கேட்க மாட்டாய், ஞாயிறு தவறாமல் வருவாய். அப்படியே இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

சகாயம்மாள் இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துக் கடிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாள் தவறாமல் அவர் வீட்டிலிருந்து எனக்கு ரசம் வரும். இப்போது வருவதில்லை.

மற்ற ஒன்பது சான்றிதழ்களில் எதிலாவது உன் கை என் வாயை மீறியிருக்கிறதா? மறைக்காமல் சொல். இந்த ஒரு விடை என்னுடையது அல்ல என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறேன்.

மாத்ருபூதம்


ஸ்ரீரங்கம்
29 ஆகஸ்ட் 2025

சார்,

தபால் ஞாயிறுக்குள் வந்து சேராது. மூக்கன் அண்ணன் ஸ்ரீரங்கம் சவாரிக்கு வந்தார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன். பிரித்திருந்தால் தெரியும்.

ஒன்பதில் எட்டில் நீங்கள் சொன்னதைத் தவிர ஒரு புள்ளி கூட நான் வைத்ததில்லை. நுகர்வோர் பாதுகாப்பில் ஒரு சட்டத்தின் வருடத்தைத் தப்பாகச் சொன்னீர்கள், சரியானதை எழுதினேன். அவ்வளவுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இனி நான் எதைச் சொன்னாலும் இரண்டு பேரை வைத்துத்தானே படிக்கச் சொல்வீர்கள்?

பதினான்கு என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது ஆஸ்பத்திரியில் கூட்டம். கவுண்டருக்குக் கீழே குனிந்து இன்னொரு முறை படித்தேன். ஒரு அம்மா "என்னாங்க, டோக்கன் போடுங்க" என்று கண்ணாடியைத் தட்டிவிட்டார். சந்தோஷமாக இருந்தது சார். இவ்வளவு நடந்த பிறகும் சந்தோஷமாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டாம். நீங்கள் எழுதினால் அந்தத் தாளை ரத்து செய்வார்கள். உங்கள் முதல் வகுப்பு போகும். அதோடு என் பதினான்கும் போய்விடும். உங்களுக்கு வேறு தாள்கள் இருக்கின்றன, ஒன்பது சான்றிதழ்கள் இருக்கின்றன. எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது, அதையும் யாரிடமும் காட்ட முடியாது. என் பெயர் அங்கே போனால் வீட்டுக்கு ஓலை வரும். இத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

மனசில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். உண்மைக்காக எழுதப் போகிறீர்களா, இல்லை பதினான்கு பதின்மூன்றைவிடப் பெரியது என்பதாலா? எனக்குப் பன்னிரண்டு வந்திருந்தால் இந்தக் கடிதம் போகுமா? நான் உங்களைச் சந்தேகப்படக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். முடியவில்லை.

மலர்க்கொடி


மன்னார்புரம்
2 செப்டம்பர் 2025

மலர்க்கொடி,

நீ கேட்டதற்குப் பதில் எனக்கே தெரியவில்லை. உனக்குப் பன்னிரண்டு வந்திருந்தால் அநேகமாக வாயை மூடிக்கொண்டு சால்வையை வாங்கியிருப்பேன். அப்படியானால் இப்போது செய்வது நல்ல காரியமா, பொறாமையா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இரண்டும் இருக்கும் என்றே வைத்துக்கொள்.

விழாவுக்குப் போனேன். ஜங்ஷன் பக்கத்து ஹாலில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். பின்வரிசை நாற்காலி வரைக்கும் நிரம்பியிருந்த சத்தம். பாராட்டிப் பேசி முடித்து என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "இந்த மதிப்பெண்ணில் பதினான்கு என்னுடையது இல்லை. எனக்காக எழுதித் தந்தவர் சொந்த அறிவில் எழுதியது. அவர் எழுதுவது எனக்குக் கேட்டது. முதல் வகுப்பு ஆசையில் சும்மா இருந்துவிட்டேன்" என்று சொன்னேன். இதே சொற்களைத்தான் சொன்னேன். வீட்டில் நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை தட்டியதையெல்லாம்விடப் பலமாகத் தட்டினார்கள். தலைவர் மைக்கை வாங்கி, "பாருங்க, எழுதிக் குடுத்தவங்களுக்கும் பங்கு குடுக்குற இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்" என்றார். சால்வையைப் போர்த்திவிட்டார்கள். நான் வேண்டாம் என்று எடுத்தேன், அதற்கும் தட்டினார்கள். யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பிப் போட்டோ எடுத்தார்கள். முப்பத்தோரு வருடம் அடுத்தவர் பேச்சை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த என்னால், நூறு பேர் இருந்த ஹாலில் என் பேச்சை ஒருவருக்குக்கூடக் கொண்டு சேர்க்க முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். நீ வேண்டாம் என்று கேட்டாய், அதை மீறித்தான் செய்தேன். உன் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் பரீட்சை ஹால் பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறது, கண்டுபிடித்துவிடுவார்கள். நான் கேட்டுக்கொண்டே சும்மா இருந்தேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். என் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்.

விடைத்தாள் நகலிலிருந்து உன் நான்கு பக்கங்களையும் பிரித்து இந்த உறையிலேயே அனுப்புகிறேன். ஓரத்தில் பதினான்கு என்று சிவப்பு மையில் போட்டது நகலில் கறுப்பாகத்தான் வந்திருக்கிறதாம். அங்கே ரத்தானாலும் உன்னிடம் இருக்கட்டும். அது உன்னுடையது. நீ வைத்துக்கொள்.

மாத்ருபூதம்


ஸ்ரீரங்கம்
12 ஜனவரி 2026

சாருக்கு,

நான்கு மாதம் பதில் எழுதவில்லை. கோபம்தான். வேண்டாம் என்று கேட்டும் அனுப்பினீர்கள். எனக்காக எதை எப்போது செய்வது என்பதை எப்போதும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள் என்று தோன்றியது.

நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஓலை வந்தது. இனி எந்தப் பரீட்சையிலும் எழுதித் தர எனக்கு அனுமதி இல்லையாம். உங்கள் தாள் ரத்து, ஒரு வருடம் கழித்துத் திரும்ப எழுதலாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்காரர் பிரித்துப் படித்துவிட்டார். நான் வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவருக்கு மனசுக்குள் என்னென்ன சந்தேகம் இருந்ததோ, அத்தனையும் அன்றைக்கு முகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களையும் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தார்.

"பதினஞ்சுக்கா பதினாலு?"

"ஆமாங்க."

"பி.ஏ. பரீட்சையிலயா?"

"ஆமாங்க."

அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பேருல?" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை சார். தெரியாமல்தான் கேட்டார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டுத் திறந்தநிலைப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். தேதி முடியவில்லை. இந்தத் தடவை நானே நேரில் கேட்டேன், அறிவிப்புப் பலகையிலும் படித்துப் பார்த்தேன். ஐந்து பாடம், அதில் வரலாறும் உண்டு. ஏப்ரலில் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் டி.வி.யை நிறுத்திவிடுகிறார்.

உங்களுக்கு அடுத்த முறை மூக்கன் அண்ணன் எழுதப் போகிறாராமே. ஒன்பதாவது படித்தவர், விதிக்குப் பொருந்துவார். கை மெதுவாகத்தான் ஓடும், நான்கு கேள்விக்கே நேரம் போதாது. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். ஆறாவது பாடத்தைத் தூங்காமல் கேளுங்கள்.

அந்த நான்கு பக்கங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் உங்கள் பதிவு எண் இருக்கிறது. எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. எனக்கு அது வேண்டாம்.

என் பதிவு எண் போன வாரம் வந்தது. கீழே எழுதியிருக்கிறேன். சகாயம்மாள் அக்கா, இதை மட்டும் வேகமாகப் படித்துவிட வேண்டாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் படியுங்கள், சாருக்குக் கேட்க வேண்டும்.

2 6 0 4 1 7 3 8 5

வீ. மலர்க்கொடி